லிஸ்டிங்கில் எதை வீட்டிலேயே படிப்பது, எதை இடத்தில் போய்ப் படிப்பது? கோடைக்கானல் பக்கம் ஜியோகேச் தேடுபவர்கள் சொல்லுங்கள்

வத்தலக்குண்டு_வாசகன்

எல்லோருக்கும் வணக்கம். தீபாவளி முடிந்த வாரத்தில் அம்மா, தங்கை, நான் மூன்று பேரும் கோடைக்கானல் போகிறோம். கீழே சமவெளியில் கேச், அதாவது யாரோ ஒளித்து வைத்து இணையத்தில் இடத்தைக் குறித்திருக்கும் பெட்டியை, ஜி.பி.எஸ் உதவியோடு தேடிப் பழக்கம் உண்டு. அங்கே ஆப்பில் தெரியும் அம்பைப் பிடித்துக்கொண்டு போனாலே போதும், பெரும்பாலும் கிடைத்துவிடும். மலையில் அது எடுபடாது என்று இங்கே பலர் எழுதியிருக்கிறீர்கள்.

ஒவ்வொரு பெட்டிக்கும் தளத்தில் இருக்கும் லிஸ்டிங் பக்கத்தைத் திறந்தால் டிஃபிகல்ட்டி (கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம்), டெரெய்ன் (போகும் பாதை எவ்வளவு கடினம்), சைஸ், வரிசையாகச் சின்னச் சின்ன ஐகான்கள், வர்ணனை, துப்பு, பழைய லாக்குகள் (தேடிப் போனவர்கள் எழுதிய குறிப்புகள்), படங்கள் என்று போய்க்கொண்டே இருக்கிறது. கிளம்புவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும், இடத்தில் நின்றுகொண்டு எதைப் பார்க்க வேண்டும்? துப்பை முதலிலேயே படித்துவிட்டால் ஆட்டம் கெட்டுவிடுமா? அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. அவர்களையும் கூட்டிக்கொண்டு போகக்கூடிய கேச் எது என்று லிஸ்டிங்கை வைத்தே சொல்லிவிட முடியுமா?

பெருமாள்மலை

தம்பி, டிஃபிகல்ட்டி, டெரெய்ன் நட்சத்திரங்களுக்கு முன்னால் தேதிகளைப் பாருங்கள். பெட்டி வைத்த தேதி, கடைசியாக ஒருவர் கண்டெடுத்த தேதி, பெட்டியை வைத்த ஓனர் கடைசியாகத் தளத்துக்கு வந்த தேதி. இந்த மூன்றும் தெரிந்தால் மற்ற விவரங்களை எந்த அளவுக்கு நம்பலாம் என்று தெரிந்துவிடும்.

2018 நவம்பரில் கஜா புயல் இந்த மலையில் எத்தனை மரங்களைச் சாய்த்தது என்று உங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு முன் எழுதிய லிஸ்டிங்கில் ‘இரட்டைக் கிளை மரத்துக்குப் பின்னால்’ என்று துப்பு இருந்தால் அந்த மரமே இன்றைக்கு இல்லாமல் இருக்கலாம். புயல் விட்டுவைத்தாலும், சீகையும் தைலமரமும் வளர்க்கும் இடங்களில் கூப்பு வெட்டினால் மேடு முழுக்க மொட்டையாகிவிடும். பாறை, பாலம், மைல்கல், தடுப்புச் சுவர் என்று சொல்கிற துப்பு நிலைத்து நிற்கும். பழைய லிஸ்டிங்கைப் படிக்கும்போது ஓனர் சொல்லும் அடையாளம் எந்த வகை என்று முதலில் பிரித்துப் பாருங்கள்.

தேதியில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. இங்குள்ள காடுகளில் பெரும் பரப்பு 2013-இல் கோடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதற்கு முன் யாரோ வைத்த பெட்டி வரைபடத்தில் இன்னும் பச்சையாகத் தெரியலாம். தெரிகிறது என்பதற்காக அங்கே காலடி வைக்க அனுமதி இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. லிஸ்டிங்கை வெளியிடும் ரிவ்யூவர் இடத்தை நேரில் வந்து பார்ப்பதில்லை. ஓனர் எழுதியதையும் வரைபடத்தையும் வைத்துத்தான் முடிவெடுக்கிறார். பேரிஜம் ஏரிப் பக்கம் என்றால் வனத்துறை பெர்மிட் இல்லாமல் வண்டியை விடமாட்டார்கள். ஒரு நாளைக்கு இத்தனை வண்டிகள்தான் என்ற அளவும் உண்டு. அந்த ரோட்டில் இருக்கும் கேச்சைத் திட்டத்தில் சேர்ப்பதற்கு முன்பே பெர்மிட்டை முடித்துக்கொள்ளுங்கள். காட்டுக்குள் நடந்தே போக வேண்டும் என்றால், 2024-இல் அரசு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் மாநிலம் முழுக்க 40 தடங்கள் இருக்கின்றன, வழிகாட்டியோடு போகலாம். காட்டுத்தீக் காலத்தில் அவற்றையும் மூடிவிடுகிறார்கள். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இறந்ததற்குப் பிறகு இதில் யாரும் விட்டுக்கொடுப்பதில்லை, விட்டுக்கொடுக்கவும் கூடாது.

அடுத்து மாதம். நீங்கள் வருவது வடகிழக்குப் பருவமழைக் காலம். பிப்ரவரியில் வந்த ஒருவர் ‘சுலபமான நடை, பத்து நிமிஷம்’ என்று லாக் எழுதியிருப்பார். அவர் நடந்த பாதை வேறு, நீங்கள் நடக்கப்போகும் பாதை வேறு. லாக்குகளில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை எழுதியவற்றை மட்டும் தனியாகப் பொறுக்கிப் படியுங்கள். ஓடையைத் தாண்ட முடியவில்லை, மேகம் மூடிவிட்டது, அட்டை ஏறியது என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும்.

அம்மா விஷயம். டெரெய்ன் 1 என்றால் சக்கர நாற்காலியிலேயே போகலாம் என்று பொருள். 5 என்றால் கயிறு, படகு மாதிரி தனிக் கருவி வேண்டும். இரண்டுக்கும் நடுவில் அரை அரையாக ஏறும். முழங்கால் வலிக்கு 1, 1.5 இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இந்த எண்ணைப் போடுவது ஓனர் என்பதை மறக்க வேண்டாம். வறண்ட நாளில் 2 என்று போட்ட செம்மண் சரிவு மழையில் 3 ஆகிவிடும். பைன் காட்டில் உதிர்ந்து கிடக்கும் ஊசியிலை காய்ந்திருந்தாலும் வழுக்கும், நனைந்திருந்தாலும் வழுக்கும். அந்த இடத்தில் எண் என்னவாக இருந்தாலும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு இறங்காதீர்கள்.

மதுரை_மேப்

பெருமாள்மலை அண்ணன் தேதியைச் சொல்லிவிட்டார். நான் வரைபடத்தைப் பற்றிச் சொல்கிறேன், இதில்தான் புதியவர்கள் வழி தவறுகிறார்கள்.

லிஸ்டிங்கில் கோஆர்டினேட், அதாவது இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும், டிகிரி, நிமிடம், நிமிடத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற வடிவில் இருக்கும். உதாரணத்துக்கு வடக்கு 10° 14.250 என்று வைத்துக்கொள்வோம். இதை வேறொரு மேப் ஆப்பில் 10 டிகிரி 14 நிமிடம் 25 நொடி என்று போட்டுவிடுகிறார்கள். கால் நிமிடம் என்பது 15 நொடிதானே. 10 நொடி வித்தியாசம் தெற்கு வடக்காக 300 மீட்டருக்கு மேல் வரும். மதுரையில் 300 மீட்டர் என்றால் அடுத்த தெரு, கோடைக்கானலில் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம். வடிவத்தைச் சரியாகப் போட்டுவிட்டால், கடைசி இலக்கத்தில் ஒன்று மாறினால் 2 மீட்டர்கூட நகராது. கைபேசியே மரத்தடியில் 5, 10 மீட்டர் தடுமாறும். அது வானத்தை மறைக்கும் கிளைகளாலும், பாறையில் பட்டுத் திரும்பும் சிக்னலாலும் வருவது. லிஸ்டிங்கைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஆப் காட்டும் தூரம் நேர்க்கோட்டுத் தூரம். கோக்கர்ஸ் வாக்கில் நின்றால் பெரியகுளம் காலடியில் தெரியும். வண்டியில் போக வேண்டும் என்றால் பெருமாள்மலை வழியாகக் காட்ரோடு இறங்கி, அங்கிருந்து தேவதானப்பட்டி வழியாகச் சுற்ற வேண்டும். சின்ன அளவில் ஒவ்வொரு கேச்சுக்கும் இதே கதைதான். 200 மீட்டர் என்று காட்டும், நடுவில் ஒரு மடிப்பு இருக்கும். கோஆர்டினேட்டில் உயரம் கிடையாது, அதனால் உயரக் கோடுகள் போட்ட வரைபடத்தில் புள்ளியை வைத்துப் பாருங்கள். கோடுகள் நெருக்கமாக இருந்தால் நேராகப் போகும் எண்ணத்தை வீட்டிலேயே விட்டுவிடலாம்.

லிஸ்டிங்கின் கீழ்ப் பகுதியில் கூடுதல் வேபாயிண்ட் என்று ஒன்று இருக்கும். வண்டி நிறுத்தும் இடம், நடைபாதை தொடங்கும் இடம் இரண்டையும் அக்கறையுள்ள ஓனர் அங்கே குறித்திருப்பார். பெட்டியின் புள்ளிக்கு வழி கேட்காமல் இந்தப் புள்ளிக்கு வழி கேளுங்கள். மலையில் பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும்.

அப்புறம் கேள்விக்குறி போட்ட மிஸ்டரி கேச். அதில் மேலே கொடுத்திருக்கும் புள்ளியில் பெட்டி இருக்காது. புதிரை விடுவித்தால்தான் உண்மையான இடம் கிடைக்கும். வழக்கமாக அது சுமார் 3 கிலோமீட்டருக்குள் இருக்கும். மல்டி கேச் என்றால் ஒவ்வொரு கட்டமும் அடுத்த இடத்தைக் காட்டும். மொத்த நடை எவ்வளவு என்று வர்ணனையில் இல்லாவிட்டால் ஓனருக்கு ஒரு செய்தி அனுப்பிக் கேட்டுவிடுங்கள். முதல் கட்டம் ஏரிக்கரையில் இருந்து, இரண்டாவது கட்டம் வட்டக்கானலில் இருந்தால் அம்மா காத்திருக்க வேண்டிவரும்.

எல்லாவற்றையும் ஆஃப்லைனில் இறக்கிக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டில் சி:ஜியோ இலவசம், லிஸ்டிங், லாக், படம், வரைபடம் எல்லாவற்றையும் சேமித்துவைக்கும். பூம்பாறை தாண்டி மன்னவனூர்ப் பக்கம் போனால் சிக்னல் வரும் போகும்.

துப்பு_கடைசியில்

துப்பைப் பற்றி யாரும் பேசவில்லையே, நான் ஆரம்பிக்கிறேன்.

துப்பை மறைத்து வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. ரோமன் எழுத்துகளை 13 இடம் தள்ளிப் போட்டிருப்பார்கள். 26-இல் பாதி 13 என்பதால், இன்னொரு முறை 13 தள்ளினால் பழையபடி வந்துவிடும். ஒரு தட்டு தட்டினால் திறக்கும்தான். ஆனாலும் ‘வேண்டும் என்று நினைத்தால் மட்டும் பார்’ என்று ஓனர் நமக்குக் கொடுக்கும் மரியாதை அது. வீட்டிலேயே படித்துவிட்டுப் போனால் பார்சலை வாங்கி வருவது போலத்தான் இருக்கும்.

துப்பு இல்லாமலே லிஸ்டிங் நிறையச் சொல்கிறது. சைஸையும் டிஃபிகல்ட்டியையும் சேர்த்துப் படியுங்கள். மைக்ரோ என்றால் 100 மில்லிக்குள், பழைய ஃபிலிம் டப்பா அளவு. ஸ்மால் 1 லிட்டர் வரை, ரெகுலர் 20 லிட்டர் வரை. மைக்ரோ, டிஃபிகல்ட்டி 1.5, ரோட்டோரம் என்றால் கைப்பிடிக் கம்பி, பலகையின் பின்பக்கம், சுவரின் இடுக்கு, இவ்வளவுதான் இடம். அதே மைக்ரோவுக்கு 4 போட்டிருந்தால் கண்ணெதிரே இருந்தும் தெரியாதபடி வேஷம் போட்டிருக்கும், ஆணி மாதிரியோ சுள்ளி மாதிரியோ. ரெகுலர் சைஸ் என்றால் ஒரு டிபன் கேரியர் மறையும் அளவுக்கு இடம் வேண்டும், அப்படிப்பட்ட மறைவு சுற்றிலும் எத்தனை இருக்கிறது என்று எண்ணிவிடலாம். மண்ணைத் தோண்டிப் புதைப்பதற்கு விதியில் இடமில்லை, ஆகவே தரைக்கு அடியில் தேட வேண்டியதே இல்லை. பெட்டி இருக்கிற கேச்சுகளுக்கு நடுவே குறைந்தது 161 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பதால் பக்கத்து கேச்சோடு குழம்பவும் வாய்ப்பில்லை.

இப்படி யோசித்துக் கையை நீட்டும்போது விரலில் டப்பா தட்டுப்படும் பாருங்கள், அதற்காகத்தானே மலையேறுகிறோம்.

குன்னூர்_தேயிலை

நீங்கள் சொல்லும் சந்தோஷம் எனக்கும் தெரியும் சார். சைஸையும் டிஃபிகல்ட்டியையும் சேர்த்துப் படிப்பதிலும் முழுக்க உடன்படுகிறேன். துப்பு விஷயத்தில்தான் ஒத்துப்போக முடியவில்லை. ஊரில், பூங்காவில், பேருந்து நிறுத்தத்தில் கடைசியில் படியுங்கள். சோலையின் ஓரத்திலும் புல்வெளியிலும் துப்பை வீட்டிலேயே திறந்து எழுதிக்கொண்டு வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தேடுவது என்றால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். அம்பு 8 மீட்டர் என்று காட்டும். அந்த வட்டத்துக்குள் மூன்று பேர் அரைமணி நேரம் நடந்தால் பெரணியும் பாசியும் நசுங்கி, ஒரு புதுத்தடம் விழுந்துவிடும். அடுத்து வருகிறவர் அந்தத் தடத்திலேயே இறங்குவார். சோலைக்குள் வெயில் குறைவு, எதுவும் மெதுவாகத்தான் வளரும். அந்தப் பாசி திரும்பி வர எவ்வளவு காலம் ஆகும்?

உங்கள் உடம்புக்கும் நல்லதில்லை. புல்வெளியில் கல்லைப் புரட்டினால் அடியில் குழிவிரியன் சுருண்டு கிடக்கலாம். செந்தட்டி தொட்டால் மணிக்கணக்கில் கை எரியும். ‘கல்லடியில் இல்லை, இடுப்பு உயரத்தில் பார்’ என்று ஒரு துப்பு இருந்தால் அந்த ஒரு வரி ஐம்பது கற்களைக் காப்பாற்றும், உங்கள் விரல்களையும் சேர்த்து.

ஐகான்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவை உலகம் முழுவதற்கும் பொதுவாக வரைந்தவை. முள், உண்ணி, விஷச்செடி, ஆபத்தான விலங்கு, கட்டணம், நாயைக் கூட்டி வரலாம், ஆள் பார்க்காமல் எடுக்க வேண்டும் என்று பலவும் உண்டு. ஓனர் ஐகான் போடவில்லை என்றால் அந்த ஆபத்து அங்கே இல்லை என்று அர்த்தம் ஆகாது. எங்கள் பக்கம் தேயிலைத் தோட்டத்தை ஒட்டி வைத்த ஒரு கேச்சில் ‘24 மணி நேரமும் போகலாம்’ ஐகானைப் பார்த்து எனக்குக் கோபமே வந்தது. சாயங்காலம் ஆனால் கரடி தோட்டத்துக்குள் இறங்குகிற இடம் அது. கொழுந்து பறிக்கிறவர்களே நாலரை மணிக்கு மேல் அந்த வரிசையில் நிற்கமாட்டார்கள். ஓனருக்கு எழுதினேன், ஐகானை எடுத்துவிட்டார். இருட்டில் தேடலாம் என்று லிஸ்டிங் சொன்னாலும், நீலகிரியோ பழனி மலையோ, மாலை 4 மணிக்குத் தேடலை முடித்துவிடுங்கள்.

பாறைப்பித்து

அம்மாவோடு போகிறவருக்கு ஒரு யோசனை. எர்த்கேச் வகை ஏதாவது உங்கள் வழியில் இருக்கிறதா என்று வடிகட்டிப் பாருங்கள். அதில் டப்பாவே கிடையாது. 2004-இல் தொடங்கிய வகை. ஒரு நிலவியல் இடத்துக்குப் போய், லிஸ்டிங்கில் இருக்கும் பாடத்தைப் படித்து, கேள்விகளுக்கு நேரில் பார்த்துப் பதில் எழுதி ஓனருக்கு அனுப்ப வேண்டும். லாக்கில் பதிலைப் போட்டுவிடக் கூடாது. காட்சி முனைகளிலும் ரோட்டு வெட்டுகளிலும் இருக்க வாய்ப்பு அதிகம் என்பதால் முழங்கால் வலிக்காரருக்கு நல்லது.

இந்த வகையில் லிஸ்டிங்கை வீட்டில் படிக்காமல் போனால் எதுவும் நடக்காது. பாடம் நீளமாக இருக்கும். கேள்விகளைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள், எந்த அளவை எடுக்கச் சொல்கிறார்கள் என்று பார்த்து ஒரு டேப்பும் எடுத்துக்கொள்ளுங்கள். பழனி மலை, நீலகிரி இரண்டும் பெரும்பாலும் சார்னோகைட் பாறை. பூமிக்குள் ஆழத்தில் பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவானது. புதிதாக உடைந்த முகம் எண்ணெய் பூசினாற்போலக் கரும்பச்சையாக மின்னும், வெயிலும் மழையும் பட்ட முகம் பழுப்பாகி உரியும். இதைத் தெரிந்துகொண்டு தூண் பாறைக்குப் போய்ப் பாருங்கள். சுமார் 120 மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாக நிற்கும் அந்தப் பாறைகளில் மேலிருந்து கீழாக ஓடும் விரிசல்கள் உங்கள் கண்ணுக்குத் தனியாகத் தெரியும். எல்லோரும் செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்கும் இடத்தில் அம்மாவும் தங்கையும் விரிசல்களின் திசையைக் கணக்கிடுவார்கள், அருமையாக இருக்கும். பாறையை உடைத்துச் சில்லு எடுக்க வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை, எல்லா வகைக்கும் சேர்த்து. செங்குத்துப் பாறையின் பக்கத்தில் பாதி வானம் மறைந்துவிடும், செயற்கைக்கோள்கள் ஒரே பக்கத்தில்தான் தெரியும். அம்பு விளிம்பைத் தாண்டிக் காட்டினாலும் காட்டும். விளிம்பிலிருந்து ஐந்தாறு மீட்டர் தள்ளியே நின்றுகொண்டு, லிஸ்டிங்கின் டெரெய்ன் எண்ணை நினைவுபடுத்திப் பாருங்கள். 1.5 என்று போட்டவர் பெட்டியை வேலிக்கு வெளியே வைத்திருக்கமாட்டார்.

துப்பு_கடைசியில்

குன்னூர் மேடம் சொன்ன கல் விஷயம் நியாயம். புல்வெளியில் கல் புரட்டுவதை நானும் ஆதரிக்கவில்லை. ஆனால் அதற்குத் துப்பைப் படிப்பது மட்டும்தான் வழியா? வர்ணனையை ஒழுங்காகப் படித்தாலே முக்கால்வாசி தெரிந்துவிடும். ‘இந்தப் பாலம் கட்டியவர்கள்’ என்று மூன்று பத்தி எழுதியிருக்கும் ஓனர் பெட்டியைப் பாலத்தில் வைத்திருப்பாரா, இருபது மீட்டர் தள்ளிச் சோலையில் வைத்திருப்பாரா? தலைப்பிலேயே சொல்லியிருப்பவர்களும் உண்டு. அங்கே இறங்குவதற்கு முன் யோசித்தால் மிதிக்கவே வேண்டியதில்லை.

குன்னூர்_தேயிலை

யோசிக்கிறவர்களுக்குச் சரி. எல்லோரும் உங்களைப் போல நின்று யோசித்தால் நான் இவ்வளவு எழுதியிருக்கமாட்டேன்.

தாண்டிக்குடி_காபி

நான் பெட்டி வைத்துப் பராமரிக்கிறவன், அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு விஷயம்.

தமிழில் துப்பு எழுத ஆசைப்பட்டு முயன்று பார்த்தேன். அந்த 13 எழுத்துத் தள்ளல் ரோமன் எழுத்துக்கு மட்டும்தான் வேலை செய்யும். தமிழ் எழுத்து மாறாமல் அப்படியே பக்கத்தில் தெரியும். ஆகவே எங்காவது தமிழில் துப்பு இருந்தால், துப்பு_கடைசியில் சார் அந்தப் பகுதியைக் கையால் மறைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டும். நான் இப்போது தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் எழுதிவிடுகிறேன். வெளியூர்க்காரர் யாராவது கேட்டால் தனியாகப் பதில் சொல்கிறேன்.

இரண்டாவது, கல்திட்டைகள். தாண்டிக்குடி, பெத்துப்பாறைப் பக்கமெல்லாம் பெருங்கற்காலக் கல்திட்டைகள் நிற்கின்றன. இவற்றைப் பற்றித் தொல்லியல் துறை 1928-லேயே தனி நூல் வெளியிட்டிருக்கிறது. உங்கள் புள்ளி ஒரு கல்திட்டையின் அருகே கொண்டுபோய் விட்டால் கல்லைத் தொடாதீர்கள், இடுக்கில் கைவிடாதீர்கள். வர்ணனையில் ‘பெட்டி கல்திட்டையில் இல்லை’ என்று தெளிவாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதவில்லை என்றால் வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுங்கள், ஓனருக்கு ஒரு குறிப்பு எழுதுங்கள். ஆயிரக்கணக்கான வருஷம் நின்ற கல் நம் விளையாட்டால் சரியக் கூடாது. காபித் தோட்டங்களுக்குள் இருக்கும் புள்ளிகளுக்கும் இதே மாதிரிதான், வர்ணனையில் தோட்டக்காரரின் அனுமதியைப் பற்றி ஒரு வரியாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கேட்டில் நிற்கும் ஆளிடம் கேட்டுவிட்டு உள்ளே போங்கள்.

வெள்ளகவிப் பக்கம் இறங்குகிறவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த ஊருக்குள் செருப்புப் போடக் கூடாது. டெரெய்ன் எண்ணிலும் ஐகானிலும் இதெல்லாம் வராது. உள்ளூர்க்காரர்கள் எழுதிய லாக்கில்தான் வரும்.

மதுரை_மேப்

டி.என்.எஃப் லாக்குகளைப் பற்றி யாரும் சொல்லவில்லை. தேடியும் கிடைக்காதவர்கள் எழுதுவது. எனக்கு லிஸ்டிங்கில் மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

டி.என்.எஃப் எத்தனை என்று எண்ணுவதைவிட யார் எழுதியது, எப்போது எழுதியது என்று பார்ப்பது நல்லது. பெயருக்குப் பக்கத்தில் அவர் இதுவரை எத்தனை கண்டெடுத்திருக்கிறார் என்ற எண் தெரியும். டிஃபிகல்ட்டி 1.5 கேச்சில் நூற்றுக்கணக்கில் கண்டெடுத்த இரண்டு பேர் அடுத்தடுத்துக் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தால் பெட்டி அங்கே இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். டிஃபிகல்ட்டி 4 கேச்சில் நான்கு டி.என்.எஃப் தொடர்ச்சியாக வந்தாலும் அதிசயமில்லை. பெருமழைக்குப் பிறகு தொடங்கும் டி.என்.எஃப் வரிசை என்றால் பெட்டி அடித்துச் செல்லப்பட்டிருக்கலாம், குரங்கு எடுத்திருக்கலாம். ஓனரும் பல மாதமாகத் தளத்துக்கு வரவில்லை என்றால் அந்த கேச்சுக்காக அரைநாளைச் செலவு செய்யாதீர்கள், போகிற வழியில் இருந்தால் மட்டும் எட்டிப் பாருங்கள்.

டி.என்.எஃப் எழுதுகிறவர்கள் எங்கெங்கே தேடினார்கள் என்றும் எழுதுவார்கள். ‘சுவரின் வலது பக்கம் முழுக்கப் பார்த்தோம்’ என்றால் உங்களுக்கு இடது பக்கம் மிச்சம். அவர்கள் தேடிய இடத்தை நீங்களும் மிதிக்க வேண்டாம், குன்னூர் அக்கா சொன்னதற்கும் இது பொருந்தும்.

இடத்தில் செய்ய வேண்டிய ஒன்று: 10 மீட்டருக்குள் வந்ததும் அம்பு குதிக்கும். அதைத் துரத்த வேண்டாம். 25, 30 மீட்டர் பின்னால் போய், அம்பு காட்டும் திசையில் இருக்கும் ஒரு மரத்தையோ பாறையையோ மனதில் குறித்துக்கொள்ளுங்கள். பாதையில் வேறொரு பக்கம் போய் மறுபடியும் பாருங்கள். இரண்டு கோடும் வெட்டும் இடம்தான் புள்ளி. அப்புறம் கைபேசியைப் பையில் போட்டுவிட்டு, சைஸையும் டிஃபிகல்ட்டியையும் வைத்துக் கண்ணால் தேடுங்கள். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், இப்படிச் செய்தால் அதுவும் மிச்சமாகும்.

ஏரிச்சாலை_சைக்கிள்

சின்னக் குறிப்பு. கோக்கர்ஸ் வாக், ஏரிக்கரை மாதிரி கூட்டமான இடங்களில் ‘ஆள் பார்க்காமல் எடுக்கவும்’ ஐகான் இருந்தால் விடிந்ததும் போய்விடுங்கள், கோக்கர்ஸ் வாக்கில் நுழைவு நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். போலீஸோ கடைக்காரரோ என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டால் லிஸ்டிங் பக்கத்தையே திறந்து காட்டி விளக்குங்கள், புரிந்துகொள்கிறார்கள். ஊருக்குள்ளேயே காட்டுமாடு நிற்கும். அதற்கும் அது ஒதுங்கப் போகும் புதருக்கும் நடுவில் நீங்கள் நிற்காதீர்கள், அது நகரும்வரை தேடலை நிறுத்திவிடுங்கள்.

வத்தலக்குண்டு_வாசகன்

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. உட்கார்ந்து படித்துவிட்டு இப்படி முடிவெடுத்திருக்கிறேன், தப்பு இருந்தால் சொல்லுங்கள்.

முதல் நாள் டெரெய்ன் 1.5-க்குள் இருப்பவை மட்டும், அம்மாவோடு, காலையில். மன்னவனூர்ப் பக்கம் பார்த்து வைத்திருந்த ஒன்றை விட்டுவிட்டேன். வைத்தது 2012-இல், கடைசி மூன்று லாக்கும் டி.என்.எஃப், துப்பு ஒரு மரத்தைச் சொல்கிறது என்பதுவரை தங்கை பார்த்துவிட்டாள். உயரக் கோடுகளைப் பார்த்ததில் இன்னொன்று ரோட்டிலிருந்து 150 மீட்டர்தான் என்றாலும் செங்குத்துச் சரிவில் இருந்தது, அதையும் எடுத்துவிட்டேன்.

துப்பு விஷயத்தில் இரண்டு பக்கத்துக்கும் ஒத்துவரும்படி ஒரு ஏற்பாடு. எல்லாத் துப்பையும் இன்றைக்கே திறந்து தங்கை ஒரு நோட்டில் எழுதிவிடுவாள், நோட்டு அம்மா கையில் இருக்கும். நான் தேடுவேன். பாதையை விட்டு இறங்க வேண்டும் என்றாலோ, கல்லைத் தொட வேண்டும் என்றாலோ, முதலில் அம்மாவிடம் கேட்க வேண்டும். அம்மா ‘அங்கே இல்லை’ என்று சொன்னால் இறங்கக் கூடாது. அம்மாவுக்கு இப்போதே உற்சாகம் தாங்கவில்லை.

குன்னூர்_தேயிலை

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. அட்டைக்கு உப்பு கொஞ்சம் துணியில் முடிந்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

துப்பு_கடைசியில்

எனக்கும் சம்மதம்.

பெருமாள்மலை

தம்பி, திட்டம் சரியாக இருக்கிறது. விட்டுப்போனதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

காரில் வந்தால் இ-பாஸ் எடுத்துவிடுங்கள், 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கோடைக்கானலுக்கும் கட்டாயம். அரசுப் பேருந்தில் வந்தால் வேண்டியதில்லை. பெட்டிக்குள் இருக்கும் தாள் இந்த மாதத்தில் ஈரமாகத்தான் இருக்கும், பேனா எழுதாது, பென்சில் எடுத்து வாருங்கள். ‘பராமரிப்பு தேவை’ என்று லிஸ்டிங்கில் ஏற்கெனவே யாராவது எழுதியிருந்தால் காய்ந்த தாள் ஒன்றைக் கொண்டுவந்து உள்ளே வைக்கலாம். பெட்டியே காணவில்லை என்றால் உங்கள் இஷ்டத்துக்குப் புது டப்பா வைத்துவிட்டு வராதீர்கள், ஓனருக்கு எழுதுங்கள்.

லாக் எழுதும்போது மாதத்தையும் மழையையும் சேர்த்து எழுதுங்கள். பாதை எப்படி இருந்தது, அம்மாவால் எதுவரை வர முடிந்தது, எங்கே உட்கார இடம் இருந்தது என்று எழுதினால் அடுத்து முழங்கால் வலியோடு வருகிறவருக்கு டெரெய்ன் எண்ணைவிட அது உதவும். தமிழில் எழுதிவிட்டு அடியில் இரண்டு வரி ஆங்கிலத்திலும் போடுங்கள், வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களும் படிப்பார்கள். கிடைக்காவிட்டால் டி.என்.எஃப்பையும் கட்டாயம் போடுங்கள், எங்கே தேடினீர்கள் என்பதோடு.

மதியம் இரண்டு மணிக்கு மேல் மேகம் ஏறிவிடும், ஜி.பி.எஸ் வேலை செய்யும், ஆனால் பத்தடிக்கு மேல் எதுவும் தெரியாது. முக்கியமானவற்றைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். நீங்கள் கிளம்புவதற்கு முந்தின நாள் இரவு இங்கே எவ்வளவு மழை, எந்தப் பாதை தாங்கும் என்று பார்த்து இதே இடத்தில் எழுதுகிறேன்.